கைதான நாளிலிருந்தே தொடங்க வேண்டிய உதவி

ஆனேக்கல், அத்திப்பள்ளி, சந்தாபுரம் பக்கத்திலிருந்து ஓசூர் சாலை வழியாகப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குப் பரப்பன அக்ரஹாரம் பழகிய பெயர். எலெக்ட்ரானிக் சிட்டிக்கு அருகே இருக்கிற அந்த மத்தியச் சிறைக்குள் யார் போனார், யார் வந்தார் என்று அவ்வப்போது செய்தி வரும். உள்ளே போனவர் வீட்டில் விட்டுப்போன பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா என்பது செய்தியாவதில்லை. அந்தப் பிள்ளைகளின் படிப்புக்கு அரசு உதவித்தொகை தர வேண்டும் என்று சொன்னால் பலரும் தலையசைப்பார்கள். நான் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறேன். தீர்ப்பு வரட்டும் என்று காத்திராமல் கைதான நாளிலிருந்தே அந்த உதவி தொடங்க வேண்டும். பதினெட்டு வயது ஆனதும் நின்றுவிடக் கூடாது.

ஏன் கைதான நாளிலிருந்து? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். அந்த ஆண்டு முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கு பேரில் மூவர் மீது குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவே இல்லை. விசாரணைக் கைதியாகவே ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர்கள் மட்டும் பதினோராயிரத்துக்கும் அதிகம். ஐந்து ஆண்டு என்பது எட்டாம் வகுப்பில் இருந்த பிள்ளை பி.யூ.சி. முடிக்கிற காலம். அப்பா குற்றவாளியா இல்லையா என்று நீதிமன்றம் சொல்வதற்குள் அந்தப் பிள்ளையின் பள்ளிப் பருவமே முடிந்துவிடும். பணத்தைப் பொறுத்தவரையும் விசாரணைக் கைதியின் வீடுதான் அதிகம் அடிபடுகிறது. கடுங்காவல் தண்டனை பெற்றவர் சிறைக்குள் வேலை செய்து கூலி பெறுகிறார். கர்நாடகத்தில் அந்தக் கூலி இப்போது நாளொன்றுக்கு 500 ரூபாய்க்கு மேல். அதில் ஒரு பகுதியை அவர் வீட்டுக்கு அனுப்ப முடியும். தண்டனை பெறாதவருக்குச் சிறையில் கட்டாய வேலை கிடையாது, ஆகவே பெரும்பாலும் கூலியும் கிடையாது. அதே சமயம் வக்கீல் கட்டணம், ஜாமீனுக்கு அலைச்சல், வாய்தாவுக்கும் மனு போட்டுப் பார்த்து வரவும் ஆகும் பேருந்துச் செலவு எல்லாம் அந்த வீட்டின் தலையில்தான் விழுகின்றன. பொம்மசந்திரத்திலோ ஜிகணியிலோ ஒப்பந்தக் கூலியாக இருந்த ஒருவரின் வருமானம் நின்றுபோன வீட்டில், அடுத்து நிற்பது மூத்த பிள்ளையின் படிப்பு.

சட்டம் இந்தப் பிள்ளைகளை அறவே மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆர். டி. உபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 ஏப்ரல் 13 அன்று தந்த தீர்ப்பு, சிறையில் தாயோடு இருக்கும் குழந்தைக்கு உணவு, மருத்துவம், மழலையர் கல்வி எல்லாவற்றையும் உறுதி செய்தது. ஆறு வயது வரை அக்குழந்தை தாயோடு இருக்கலாம். 2022 முடிவில் 1,537 தாய்மாரோடு 1,764 குழந்தைகள் அப்படிச் சிறையில் இருந்தார்கள். ஆனால் வெளியே பாட்டி வீட்டிலும் சித்தப்பா வீட்டிலும் வளரும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று அந்த ஆண்டறிக்கை எண்ணுவதில்லை. எண்ணப்படாதவருக்குத் திட்டம் வகுப்பது கடினம். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 45ஆம் பிரிவில் குழந்தை வளர்ப்புக்கான நிதி ஆதரவைப் பேசுகிறது; மிஷன் வாத்சல்யா திட்டத்தில் அது மாதம் 4,000 ரூபாய். விதவைத் தாய், கைவிடப்பட்ட தாய், உறவினர் வீட்டில் வளரும் அனாதைக் குழந்தை, உயிர்கொல்லி நோயுற்ற பெற்றோர், விபத்தில் முடங்கிய பெற்றோர் என்று அந்தப் பிரிவு பட்டியலிடுகிறது. சிறையில் உள்ள பெற்றோர் அதில் பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. பட்டியல் மூடியதன்று, மனமுள்ள அதிகாரி சேர்த்துக்கொள்ளலாம் என்பது உண்மை. ஆனால் ஒரு பிள்ளையின் உரிமை அதிகாரியின் மனத்தைப் பொறுத்திருக்கலாமா? எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு 2025 செப்டம்பரில் தொடங்கிய ‘அன்புக் கரங்கள்’ திட்டம், ஒரு பெற்றோரை இழந்து மற்றவர் சிறையில் இருக்கும் பிள்ளையை வெளிப்படையாகவே சேர்த்து, பதினெட்டு வயது வரை மாதம் 2,000 ரூபாய் தருகிறது. தில்லி 2014இலேயே சிறைப்பட்டோரின் குழந்தைகளுக்கென்று தனித் திட்டம் வகுத்தது. கேரளச் சமூக நீதித் துறை கைதிகளின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி தருகிறது. செய்ய முடியும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இவற்றில் சிறுவயதை மனத்தில் கொண்ட திட்டங்கள் பதினெட்டோடு விடைபெறுகின்றன. கட்டாயக் கல்விச் சட்டமோ பதினான்கு வயதோடு நிற்கிறது. ஐ.டி.ஐ., டிப்ளமோ, நர்சிங், பட்டப்படிப்பு என்று செலவு ஏறத் தொடங்கும் இடத்தில்தான் ஆதரவு இறங்குகிறது. அரசு விடும் இடைவெளிகளைத் தனியார்தான் ஓரளவு அடைத்திருக்கிறார்கள். பெங்களூரிலேயே மணி என்பவரும் அவர் மனைவி சரோஜாவும் தொடங்கிய ‘சோகேர்’ இல்லம் கைதிகளின் பிள்ளைகளைத் தங்க வைத்துப் படிக்க வைத்தது. கிரண் பேடி 1994இல் மக்சேசே விருது பெற்றதும் தொடங்கிய இந்தியா விஷன் அறக்கட்டளையும் இந்தப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து வந்திருக்கிறது. அமெரிக்காவில் யாஸ்மின் ஆரிங்டன் என்ற பெண், தாம் பள்ளி மாணவியாக இருந்தபோதே, சிறைப்பட்டோரின் பிள்ளைகளுக்கென்று கல்லூரி உதவித்தொகை அமைப்பு ஒன்றை நிறுவினார். அவருடைய தந்தையும் சிறை சென்றவர். இவர்களையெல்லாம் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஒரு நல்ல மனிதர் அருகில் வாழ்கிற அதிர்ஷ்டம் எல்லாப் பிள்ளைக்கும் வாய்க்காது.

“ஒழுங்காக உழைத்துப் பிழைக்கிற ஏழையின் பிள்ளைக்கே கிடைக்காதது, தப்புச் செய்தவன் பிள்ளைக்கு எதற்கு?” என்று ஒரு கேள்வி எழும். நியாயமான கேள்வி. ஏழையின் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை என்றால் அதற்கும் சேர்த்துப் போராட வேண்டும். இன்னொரு பிள்ளையின் கையிலிருந்து பறிப்பதால் முதல் பிள்ளைக்கு ஒன்றும் வந்துவிடாது. தவிர, உழைக்கிற ஏழைத் தகப்பன் வருமானச் சான்றிதழுக்குத் தானே நாட கச்சேரி என்னும் அரசு அலுவலகத்துக்குப் போவான், வங்கிக் கணக்கில் கையெழுத்திடுவான். உள்ளே இருப்பவரால் அது முடியாது. ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் இரண்டாம் பிரிவு, பெற்றோரின் செயலுக்காகக் குழந்தை தண்டிக்கப்படக் கூடாது என்கிறது. இந்தியா அதை 1992இல் ஏற்றது.

பாதிக்கப்பட்டவர் வீட்டுப் பிள்ளைக்கு என்ன வழி என்ற கேள்வி இதைவிடக் கனமானது. அந்தப் பிள்ளைக்கு முதலில் தர வேண்டும் என்றே நானும் சொல்வேன். அதற்கு இழப்பீட்டுத் திட்டம் சட்டத்தில் இருக்கிறது. கைதியின் கூலியில் ஒரு பங்கைப் பாதிக்கப்பட்டோருக்கு ஒதுக்கச் சட்டம் இயற்றும்படி உச்ச நீதிமன்றமும் 1998இல் சொன்னது. இழப்பீடு தாமதமாகிறது என்றால் விரைவுபடுத்தக் கேட்போம். கொலையுண்டவரின் மகளும் கொலை செய்தவரின் மகளும் ஒரே தெருவில் படிப்பை நிறுத்தினால், அந்தத் தெருவுக்கு நீதி கிடைத்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது மூன்றாவது தயக்கம். உதவித்தொகைப் பட்டியலில் பெயர் வந்தால், ‘ஜெயிலுக்குப் போனவன் மகன்’ என்று வகுப்பே அறிந்துவிடும். அந்தப் பயத்தால் எத்தனையோ குடும்பங்கள் விண்ணப்பிக்கவே மாட்டா. ஆகவே விண்ணப்பம் பள்ளி வழியாகப் போகக் கூடாது. ஒருவரைச் சிறையில் சேர்க்கும்போதே படிக்கிற பிள்ளைகள் உண்டா என்று கேட்டுக் குறித்து, அவர் சம்மதித்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு அனுப்பிவிடலாம். பணம் மற்ற உதவித்தொகைகளைப் போலவே, காரணம் எதுவும் காட்டாமல், பிள்ளையின் கணக்கில் சேர வேண்டும். இந்த ஏற்பாடு வரும் வரையிலும் வழியே இல்லை என்று யாரும் இருந்துவிட வேண்டாம். சிறையில் இருப்பவருக்கும், பெண்களுக்கும், குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. ஆனேக்கல் நீதிமன்றத்தில் உள்ள தாலுகா சட்டப்பணிக் குழுவை அணுகி, 45ஆம் பிரிவின் கீழ் ஆதரவு வேண்டும் என்று எழுதிக் கொடுக்கலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பிள்ளையை வளர்க்கும் பாட்டியோ அத்தையோகூட அந்த எண்ணுக்குப் பேசலாம்.