நினைவிழந்த பெற்றோரும் நமது கடமையும்

பெற்றோரில் ஒருவருக்கு மறதி நோய் முற்றிவிட்டது. அவரைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பது ஆகுமா, அல்லது அது பெற்றோரை நோவினை செய்வதாகுமா? இக்கேள்வி இன்று நம் வீடுகள் பலவற்றில் எழுகிறது. 2023-ல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் சுமார் 88 லட்சம் பேருக்கு இந்நோய் இருப்பதாக மதிப்பிடுகிறது.

எல்லாம் அறிந்திருந்தவர் ஒன்றும் அறியாதவராகும் தள்ளாத வயதை அந்நஹ்ல் அத்தியாயத்தின் 70-வது வசனம் நினைவூட்டுகிறது. எனவே இதை மறைக்கவோ வெட்கப்படவோ வேண்டியதில்லை. புத்தி நீங்கியவர்மீது தொழுகையும் நோன்பும் கடமையில்லை. ஆனால் அவரைப் பேணும் கடமை பிள்ளைகளை விட்டு நீங்குவதில்லை.

இக்கடமை மகன், மகள் மீதுள்ளது. மருமகள்மீது மார்க்கம் சுமத்தியதல்ல. அவள் செய்வது உபகாரம். அவள் இடுப்பொடியப் பாடுபட, 'வாப்பாவை வீட்டிலேயே வைத்திருக்கிறேன்' என்று மகன் பெருமை பேசுவது முறையன்று.

முடிவெடுக்க ஊரார் பேச்சு அளவுகோலாகாது; அவருக்கு நேரும் தீங்கையே பார்க்க வேண்டும். இரவில் கதவைத் திறந்து வெளியேறுகிறார். அடுப்பை எரியவிட்டு மறக்கிறார். படுக்கைப் புண் வருகிறது. பேணுகிறவரின் கை அவர்மேல் ஓங்குகிறது. 'சீ' என்று சொல்வதையே தடுத்த மார்க்கத்தில், இந்நிலையை நீடிக்க விடுவது பணிவிடையாகாது. உடன்பிறந்தார் முறைவைத்துப் பார்த்தும், சம்பளத்துக்கு ஆள் வைத்தும் தீராதபோது, நல்ல இல்லத்தில் சேர்ப்பது குற்றமாகாது.

சேர்த்ததோடு கடமை தீர்ந்துவிடாது. அவருக்குச் சொத்திருந்தால் அதிலிருந்தும், இல்லையேல் பிள்ளைகளிடமிருந்தும் செலவு வர வேண்டும். குளிப்பாட்ட ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் உண்டா, உணவு ஹலாலா என்று விசாரிக்க வேண்டும். அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும். புத்தி நீங்கியவரிடம் கைநாட்டு வாங்கிச் சொத்தை மாற்றுவது செல்லாது. அது ஏனைய வாரிசுகளுக்குச் செய்யும் துரோகமுமாகும்.

பெற்றோர் விஷயத்தில் நேர்மையாக முடிவெடுக்க வல்ல அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.