பேணலும் பூட்டலும்

பொருளைப் பேணுதல் அறமோ, உலோபமோ என ஐயுறுவார் உளர். பத்துமலையில் வாழும் நமக்கு ஒரு பழங் கம்பளி அதற்கு விடை பகர்ந்தது.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் குளிருக்கென அளித்த கம்பளியின் விலையை அந்நாளில் தொழிலாளர் கணக்கில் எழுதிக் கூலியிற் பிடித்தனர். அங்கு உழைத்துப் பின் மலாயாவுக்கு வந்த நமது கொள்ளுப் பாட்டனாரின் கம்பளியை நாம் பெட்டியிற் பூட்டி வைத்திருந்தோம். கேமரன் மலைத் தோட்டத்திற்கு வேலைக்குச் சென்ற உறவினர் ஒருவர் கேட்டபோதும், நினைவுச் சின்னமென்று கூறி மறுத்தோம். ஆண்டுகள் பல கழித்துத் திறந்தோம், சல்லடையைக் கண்டோம்.

அரித்தது பறக்கும் அந்துப்பூச்சி அன்று, அதன் புழுவே. இருளும் அசைவின்மையும் அதற்கு வீடு. வியர்வையும் உணவுக் கறையும் படிந்த இடம் அதற்கு விருந்து. ஆதலின் கம்பளியைக் குளிர்ந்த நீரில் மெல்ல அலசி, முறுக்காது நீர் வடித்து, நிழலிற் பரப்பி உலர்த்தி, அடிக்கடி உதறிப் பயன்படுத்தல் வேண்டும். வெந்நீரும் தேய்ப்பும் இழைகளைப் பிணைத்துச் சுருக்கிவிடும்.

உலோபி பூட்டுவான்; பேணுவோன் பயன்படும் வண்ணம் காப்பான். நாம் செய்தது யாது? மரியாதை என்னும் பெயரால் உலோபமே செய்தோம். குளிரில் நடுங்கியவர் தோளில் கிடந்திருப்பின் அக்கம்பளி இன்னும் சில காலம் வாழ்ந்திருக்கும். நம் நெஞ்சும் உறுத்தாதிருக்கும்.