கட்டை பொது, பெயர் தனி

"அப்பா, இது கள்ள லெகோவோ?"

பாடசாலை நண்பனின் கேலியோடு வீடு வந்த மகன் கேட்டான். மலிவு என்பதற்காக மெகா புளொக்ஸ் பெட்டியை வாங்கி, "லெகோ" என்று சொல்லியே நாம் கொடுத்திருந்தோம்.

இக்கட்டைகளை உருவாக்கியது எமது மொன்றியலின் றிட்விக் நிறுவனம். லெகோவின் காப்புரிமை கனடாவில் 1988இல் முடிவடைந்த பின், லெகோவோடு பொருந்தும் சிறு கட்டைகளை அது விற்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. கட்டைகளைப் பிணைக்கும் குமிழ்கள் பயன்பாட்டுக்கானவை; அவற்றை வணிக அடையாளமாக்கி என்றென்றும் உரிமை கோர இயலாது என்று 2005இல் ஒருமனதாகத் தீர்ப்பாயிற்று. லெகோவும் 1949இல் பிரித்தானியரான ஹிலரி பேஜின் கட்டையைப் பின்பற்றியே தொடங்கியது.

கணக்கியலில் காப்புரிமை ஆயுள் குறிக்கப்பட்ட சொத்து. ஆண்டுதோறும் குறைந்து பூச்சியமாகும். அதன்பின் அந்த அறிவு எல்லோருக்கும் பொது.

ஆனால் சட்டம் விடுவதெல்லாம் அறமாகுமா? பிறர் கண்ட வழியில் நடக்கலாம். பிறர் பெயரைச் சூடலாகாது என்பதே எமது எண்ணம். அந்தப் பெட்டி தன் சொந்தப் பெயரையே தாங்கியிருந்தது. பொய்ப் பெயர் சூட்டியவர்கள் நாமே. ஊரைவிட்டு வந்தவர்களுக்கு, குறைந்த விலையில் வாங்குவது ஏனோ கூச்சமாகிவிடுகிறது.

மகனிடம் உண்மையைச் சொன்னோம். அவன் சற்று யோசித்துவிட்டு, இருவகைக் கட்டைகளையும் கலந்து ஒரு கோபுரம் கட்டினான். அது உறுதியாகவே நின்றது.