அம்பைப் பிடுங்குவதே முதற்கடன்



நஞ்சூட்டிய அம்பு தைத்த ஒருவன், எய்தவன் யார், வில் எம்மரத்தாலாயது என்றறியும் வரை அதனைப் பிடுங்கவொட்டேன் என்பானாயின், அறியுமுன்னே மாள்வான் என்று பகவான் புத்தர் மாலுங்கியபுத்தருக்கு உபதேசித்தருளினார். அங்கே பிடிவாதஞ் செய்பவன் அம்பேறுண்டவன். இன்றோ அருகில் நிற்பவரே அவ்வாறு கேட்டு நிற்கக் காண்கிறோம்.

பெங்களூர் அல்சூர் ஏரியருகே தலைமையிடங் கொண்ட மதராஸ் சாப்பர் படையில் தமிழ் மக்கள் தலைமுறைகளாகச் சேவித்து வருகின்றனர். ஆதலின் இப்பொருள் நமக்கு அயலன்று. திடகாத்திரராய்ச் சேர்ந்து நோயாளியாய்த் திரும்பும் வீரருக்கு, நோயின் காரணம் புலப்படாதபோது, அது சேவையால் வந்ததன்றென ஊன ஓய்வூதியம் மறுக்கப்படுவதுண்டு.

தரம்வீர் சிங் என்பார் 1985இல் படையிற் சேர்ந்து, 1994இல் வலிப்பு நோயால் விலக்கப்பட்டார். மருத்துவக் குழு, சேவையோடு தொடர்பில்லை என்றது. 2013 ஜூலை 2ஆம் நாள் சுப்ரீம் கோர்ட்டு, சேருங்கால் நோய் குறிக்கப்படாவிடின் நலமுடன் சேர்ந்தார் எனக் கொள்ளவேண்டும், மறுப்பதை மெய்ப்பிக்கும் பாரம் அரசாங்கத்தினது, ஐயத்தின் பயன் வீரருக்கே என்று தீர்ப்பளித்தது. இதற்குப் பத்தொன்பது ஆண்டுகள் சென்றன! அமெரிக்காவிலும், 1991 வளைகுடாப் போரிலிருந்து இனம்புரியா நோயுடன் மீண்டோர்க்கு உதவித்தொகை வழங்க 1994இல் சட்டமியற்றினர்.

இது முன்வினை என்று கூறி வாளாவிருப்போரும் உளர். பித்தம், சிலேத்துமம், வாயு, பருவ மாறுதல் முதலியவற்றாலும் வேதனை பிறக்கும். அனைத்தும் முன்வினையே என்பது தவறென்று சீவகருக்குப் பகவான் தெளிவுறுத்தினார். ஆகவே, வினையைச் சாட்டிக் கதவடைப்பது பௌத்த தன்மமன்று.

வயிற்றுப்போக்கால் தம் மலத்திலேயே கிடந்த பிக்கு ஒருவர், மற்றவர்க்குத் தாம் உபகாரப்படாமையால் ஒருவரும் பேணவில்லை என்றார். பகவானோ ஆனந்தருடன் அவரை நீராட்டிப் படுக்கையிற் கிடத்தினார். படைக்கு இனி உபகாரப்படாத உடலும் நம்மால் பேணத்தக்கதே.

ஆகையால், நம் தெருவில் அத்தகையோர் இருப்பின், அவர் சொல்லை முதலில் நம்புவோம். சேர்ந்த நாளின் மருத்துவத் தாளையும், விலக்கிய நாளின் மருத்துவக் குழு அறிக்கையையும் தேடித் தொகுக்கத் துணைபுரிவோம். 2023இல் புதிய விதிகள் வந்தமையால், தமக்குரிய விதி எதுவென வினவியறிந்து விண்ணப்பிக்கச் செய்வோம். மறுக்கப்படின், ஆயுதப்படைத் தீர்ப்பாயம் உண்டென்று தைரியங் கூறுவோம். காரணத்தை வைத்தியர் ஆராய்க; அதுவரை அம்பு தைத்தே இருக்கவேண்டுவதில்லை.

சர்வ ஜீவர்களும் சுகமாய் வாழ்க!