தள்ளிப் போட்ட விழா

ஒரு தேதியைக் குறித்து ஊருக்கெல்லாம் அறிவித்துவிட்டுப் பிறகு மாற்றினால், அது வாக்குத் தவறுவதாகுமா? முகூர்த்தம் பார்த்தே பழகிய நமக்கு இந்தக் கேள்வி சற்று உறுத்தத்தான் செய்யும்.

வழக்கமாகப் பொங்கலையொட்டி நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சி, 2021-ல் கொள்ளைநோயின் காரணமாகப் பிப்ரவரி 24-ந் தேதிதான் நந்தனத்தில் தொடங்கியது. மறு ஆண்டு ஜனவரி 6 என்று தேதி குறித்தாயிற்று; நோய் மறுபடி தலைதூக்கவே, அது பிப்ரவரி 16-க்குப் போயிற்று. இதைக் குறை சொல்வாருண்டோ? புத்தகம் காத்திருக்கும் பண்டம். கறையான் அரித்தாலொழியக் கெடாது. பதிப்பாளர் வாங்கிய கடனின் வட்டிதான் காத்திராது.

2020 மார்கழியில் சென்னைச் சங்கீத சபைகள் வேறு வழி கண்டன. கச்சேரிகளை இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில், லாரிகளின் உறுமலுக்கு நடுவே உட்கார்ந்தபடியே கச்சேரி கேட்கலாம் என்று ஆயிற்று. லாபந்தான்; மறுக்கவில்லை. ஆனால் சபா என்றால் பாட்டு மட்டுமா? கச்சேரிக்கு நிகராகப் பேர் பெற்றது கான்டீன். அடையையும் அவியலையும் இணையத்தில் ஏற்ற முடியுமா? இலை போட்டவர், பாத்திரம் தேய்த்தவர், மைக் செட்டுக்காரர், வாசலில் சவாரிக்குக் காத்திருந்த ஆட்டோக்காரர் — இவர்களுக்கு அந்த மார்கழி எப்படிக் கழிந்திருக்கும்?

‘காலத்துக்கேற்ப மாறிக்கொண்டோம்’ என்று நாம் மெச்சிக்கொள்கிறோம். மாறிக்கொள்ள வசதி இருந்தவர்கள் மாறினோம், அவ்வளவுதான். தேதியை மாற்ற அமைப்பாளருக்கு உரிமை உண்டு. பந்தற்காரரிடம் கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்கவும் சட்டத்தில் இடமிருக்கலாம். ஆனால் அவர் மூங்கிலை இறக்கி, கூலியும் கொடுத்தாகிவிட்டதே!