யாருக்குச் சொன்னோம்?

பௌர்ணமி இரவுகளில் எங்கள் தெரு தூங்குவதில்லை. அடி அண்ணாமலை மலைக்குப் பின்பக்கம், கிரிவலப் பாதையிலேயே இருக்கிறது. 14 கிலோமீட்டர் சுற்றில் பாதி தூரம் நடந்து களைத்தவர்கள் எங்கள் ஊரில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போவார்கள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் நானும் அந்த இரவுகளில் லேப்டாப்பை மூடிவிட்டு டீக்கடைக்குப் போவதுண்டு. அப்படி ஒருநாள் கடைக்காரர் என் வேலை என்னவென்று கேட்டார்.

"கம்பெனி டேட்டாபேஸ்ல இருந்து யாராவது தகவலைத் திருடுறாங்களான்னு கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேர் எழுதுறேண்ணே."

அவர் பாதையைப் பார்த்தபடியே சொன்னார்: "எதிர்ல வர்றவனை எல்லாரும் பாப்பாங்க. பிக்பாக்கெட்காரன் எதிர்ல வரமாட்டான் தம்பி. நம்மள மாதிரியே வலமாத்தான் வருவான்."

என் துறையின் மொத்தச் சிக்கலும் இதுதான். டேட்டாபேஸுக்குள் வருகிற திருடன் பூட்டை உடைப்பதில்லை. ஊழியர் ஒருவரின் பாஸ்வேர்டை ஏமாற்றி வாங்கிக்கொண்டு, அவர் பெயரிலேயே உள்ளே வருகிறான். அவர் கேட்கும் அதே மாதிரிக் கேள்விகளைக் கேட்கிறான். அவசரப்படாதவன் என்றால் நாளைக்குக் கொஞ்சமாக, வாரக்கணக்கில் எடுத்துக்கொண்டு போகிறான். எங்களால் முடிந்தது, ஒவ்வொரு கணக்கின் பழக்கத்தையும் படித்து வைப்பது. இவர் எத்தனை மணிக்கு வருவார், எங்கிருந்து வருவார், ஒரு நாளில் எத்தனை பதிவுகளைத் திறப்பார் என்று. பழக்கம் மாறினால் மணி அடிக்கும்.

சைக்கிள் திருடு போனால் அது நின்ற இடம் காலியாக இருக்கும். உரியவர் பார்த்துவிட்டுக் கத்துவார். தகவல் திருட்டில் எதுவும் காணாமல் போவதில்லை. அசல் அங்கேயே இருக்கிறது, நகல் மட்டும் வெளியே போகிறது. உரியவருக்கு, அதாவது யாருடைய பெயரும் நோயும் வங்கிக் கணக்கும் அந்த வரியில் இருக்கிறதோ அவருக்கு, தெரிய வழியே இல்லை. ஆகவே கவனிக்கும் கடமை முழுவதும் வைத்திருப்பவர் தலையில் விழுகிறது. இதை வெறும் தொழில்நுட்ப வேலை என்று என்னால் நினைக்க முடியாததற்குக் காரணம் அதுதான்.

ஆனால் கவனிப்பதற்கும் ஒரு விலை உண்டு. ஒரு நாளைக்கு 10 லட்சம் கேள்விகள் வரும் டேட்டாபேஸ் என்று வைத்துக்கொள்வோம். அதில் 10 திருட்டு. நூற்றுக்கு 99 முறை சரியாகச் சொல்லும் மணி ஒன்றை நான் எழுதிவிட்டால்கூட, அந்தப் பத்தோடு சேர்த்து ஏறத்தாழ 10,000 குற்றமற்ற கேள்விகளுக்கும் அது அடிக்கும். ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஓர் ஊழியரின் பெயர் இருக்கும்.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் அப்படி ஒரு பெயர் வந்தது. வெளியூர்க் கிளையில் இருந்த அம்மா ஒருவர், ஒரே இரவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர் பதிவுகளைத் திறந்திருந்தார். நான் எழுதிய மணிதான் அடித்தது. அவருடைய அனுமதியை நிறுத்தினார்கள், லேப்டாப்பை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது: காலாண்டு முடிவதற்குள் பழைய போன் நம்பர்களைத் திருத்தச் சொல்லி மேலிடமே கொடுத்த வேலை. லேப்டாப் திரும்பிப் போனது. ஏன் வாங்கினார்கள் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. மனசு கேட்காமல் நானே போன் செய்தேன். "திருடின்னு நெனச்சீங்களா? சரி, நெனச்சது தப்பில்ல. எதுக்குத் தொறந்தேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தம்பி" என்றார்.

ஆராயாமல் ஒருவரை நம்புவதும், ஆராய்ந்து நம்பியவர்மேல் சந்தேகப்படுவதும் தீராத துன்பம் தரும் என்பது 'தெரிந்துதெளிதல்' அதிகாரத்தின் கடைசிக் குறளின் பொருள். எங்கள் துறை 'ஜீரோ டிரஸ்ட்' என்று ஒன்றைக் கொண்டாடுகிறது: யாரையும், எப்போதும், முன்கூட்டி நம்பாதே. வள்ளுவர் ஆளைப் பற்றிப் பேசுகிறார், நாங்கள் கணக்கைப் பற்றிப் பேசுகிறோம் என்று நான் சமாதானம் சொல்லிக்கொள்வேன். அந்த போனுக்குப் பிறகு அந்தச் சமாதானம் அவ்வளவாக எடுபடவில்லை.

இந்தத் தொழிலின் முன்னோடி என்று கிளிஃபோர்ட் ஸ்டோலைச் சொல்லலாம். வானியலாளர். 1986 இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில், கணினிப் பயன்பாட்டுக் கணக்கில் 75 சென்ட் உதைத்தது. அதைத் துரத்திக்கொண்டு போனவர், மேற்கு ஜெர்மனியின் ஹனோவரில் இருந்தபடி ராணுவக் கணினிகளைத் துழாவிக்கொண்டிருந்த ஒருவனைக் கண்டுபிடித்தார். இல்லாத ஒரு பாதுகாப்புத் திட்டத்தின் பெயரில் பொய்க் கோப்புகளை வைத்து, அவனை நீண்ட நேரம் இணைப்பிலேயே இருக்கவைத்ததும் அவர்தான். ஆனால் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. அவன் நுழைந்த மற்ற இடங்களுக்கு ஸ்டோல் போன் போட்டுச் சொன்னார். பெரும்பாலோருக்கு ஒருவன் வந்துபோனதே தெரிந்திருக்கவில்லை.

நம் ஊருக்கு வருவோம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுடைய பாலிசி ஆவணங்களும் மருத்துவ அறிக்கைகளும் டெலிகிராமில் சாட்பாட் வழியாகக் கிடைக்கின்றன என்று 2024 செப்டம்பர் 20 அன்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. தன்னிடம் 3.1 கோடிக்கும் மேற்பட்டவர்களின் தகவல், 7.24 டெராபைட் அளவுக்கு இருப்பதாக எடுத்தவர் சொல்லிக்கொண்டார். முதற்கட்ட ஆய்வில் பரவலான பாதிப்பு இல்லை என்றது நிறுவனம். டெலிகிராம் மீதும் அந்த முகமற்ற நபர் மீதும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து இடைக்காலத் தடையும் பெற்றது. 68,000 டாலர் கேட்டு ஆகஸ்டிலேயே மிரட்டல் வந்திருந்த செய்தி அக்டோபரில் வெளியானது.

இதில் இரண்டு விஷயங்கள் என்னை விடவில்லை. ஒன்று, நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரியே தகவலை விற்றார் என்று திருடியவர் குற்றம்சாட்டினார். விசாரணையில் அவர்மேல் தவறு எதுவும் தெரியவரவில்லை என்றது நிறுவனம். காவல்காரனைத் திருடன் என்று சொல்லத் திருடனுக்கு ஒரு பதிவு போதும். சந்தேகம் அவ்வளவு மலிவு. இரண்டு, ராய்ட்டர்ஸ் பேசிய பாலிசிதாரர்கள் சிலர், தகவல் கசிந்ததாகத் தங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்றார்கள். நீதிமன்றத்தில் பாதிக்கப்பட்டவராக நின்றது நிறுவனம். அந்த ரத்தப் பரிசோதனை யாருடையதோ அவர் வீட்டில் இருந்தார்.

சட்டத்தில் குறை இல்லை. தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று செர்ட்-இன் 2022 ஏப்ரலிலேயே உத்தரவிட்டது. ஆனால் அது அரசுக்குச் சொல்வது. பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும் என்பதை 2023 ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்தான் கொண்டுவந்தது.

ஸ்டோலின் வழியில் நாங்களும் டேட்டாபேஸில் பொய் வாடிக்கையாளர்களை வைப்போம். எந்த வேலைக்கும் யாரும் திறக்கத் தேவையில்லாத பெயர்கள். அவற்றைத் தொட்டால் ஒரே நொடியில் மணி அடிக்கும். ஒருநாள் அப்படி ஒரு பெயருக்கு எங்கள் தெரு முகவரியைக் கொடுத்துவிட்டு யோசித்தேன். இல்லாத இந்த ஆளைத் தொட்டால் நாங்கள் நாலு பேர் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடுவோம். அடுத்த வரியில் நிஜமாகவே இருக்கிறவரைத் தொட்டால்?

கண்காணிப்பே தவறு என்று நான் சொல்லவில்லை. கவனிக்காமல் விடுவது அதைவிடப் பெரிய தவறு. ஆனால் அந்தக் கண்காணிப்பு யாருக்காக என்பதைக் கடைசியில் யாருக்குச் சொல்கிறோம் என்பதை வைத்துத்தான் தீர்மானிக்க முடியும். சந்தேகப்பட்டவரிடம் கேட்க வேண்டும், தப்பென்று தெரிந்தால் அதையும் சொல்ல வேண்டும். பறிகொடுத்தவருக்குச் சொல்ல வேண்டும். இவை இரண்டும் இல்லாவிட்டால் நான் எழுதுவது கம்பெனியின் மானத்துக்கான காவல் மட்டுமே.

இப்போது நான் எழுதும் ஒவ்வொரு எச்சரிக்கையின் படிவத்திலும் ஒரு கட்டம் கூடுதலாக வைக்கிறேன்: 'யாருக்குச் சொன்னோம்?' பல நாள் அது காலியாகவே திரும்பி வருகிறது. "இது எதுக்குங்க?" என்று கேட்டவர்களும் உண்டு.

போன பௌர்ணமியன்று விடியற்காலை மூன்று மணி இருக்கும். போலீஸ் பூத் ஒலிபெருக்கியில் ஒரு குரல், தூக்கக் கலக்கத்தோடு, திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது: பழுப்பு நிறத்தில் ஒரு பர்ஸ் கிடைத்திருக்கிறது, உரியவர் வந்து அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளவும். யாரும் வரவில்லை. உரியவருக்கு இன்னும் தெரிந்திருக்காது. குரல் நிற்கவில்லை.