டெனர் எங்க போச்சு?

பியானோவுக்கு எழுதியதைக் கிட்டாரில் வாசிக்க உட்காருகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, எந்தச் சுரத்தை விடுவது என்பதை. பியானோக்காரருக்குப் பத்து விரல், காலடியில் பெடல் வேறு. நமக்குத் தந்தியை அழுத்த இடது கையில் நான்கு விரல், மீட்ட வலது கையில் நான்கு. மீட்டிய சுரமோ மீட்டிய உடனேயே தேய ஆரம்பித்துவிடும். பிடித்து நிறுத்த வழியில்லை.

ஸ்பெயின்காரரான இசாக் அல்பேனிஸின் 'அஸ்தூரியாஸ்' 1890களில் பியானோவுக்காக வெளிவந்தது. இன்று அது கிட்டார்க்காரர்களின் சொத்து. முதலிலிருந்தே கிட்டாருக்கு எழுதியது என்று நம்புகிறவர்கள் ஏராளம். ஜி மைனரில் இருந்ததை ஈ மைனருக்கு மாற்றினார்கள். மாற்றியதும், பியானோவில் விடாமல் திரும்பத் திரும்ப ஒலிக்கும் 'டி', 'பி' ஆகிவிட்டது. கிட்டாரில் 'பி' என்பது இரண்டாவது தந்தி. விரலே வைக்க வேண்டாம், சும்மா மீட்டினால் போதும். கட்டைவிரல் பேஸ் தந்திகளில் மெட்டைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் சத்தம் ஏறுகிற இடத்தில் பியானோ கொடுக்கிற கனம் நம் பெட்டிக்கு வராது. அதனால் மெட்டின் ஒவ்வொரு சுரத்துக்கும் 'பி'யை இரண்டு தடவை மீட்டி, இரண்டிரண்டாக ஓடியதை மும்மூன்றாக ஓட வைத்தார்கள். அல்பேனிஸ் எழுதாத சுரங்கள் அவை. அவை இல்லாமல் கிட்டாரில் அந்தப் பாகம் நிற்காது. ஆக, டிரான்ஸ்கிரிப்ஷன் என்பது விடுவது மட்டும் இல்லை, துணிந்து சேர்ப்பதும்தான்.

தூத்துக்குடிப் பக்கம் எங்கள் சாயர்புரத்தில் இதையெல்லாம் வாசிக்கிறவனை ஊர் ஒரு மாதிரி பார்க்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பதுண்டு. அப்படி ஒன்றும் இல்லை. ஜி.யு. போப் 1842இல் இங்கே வந்து செமினரி நடத்திய ஊர் இது. மிஷனரிகளோடு மேல்நாட்டு மெட்டுகளும் இந்தத் தேரிக்காட்டுக்கு வந்து சேர்ந்தன. கிறிஸ்தவக் கோவிலில் கீர்த்தனையும் உண்டு, பாமாலையும் உண்டு. பாமாலையை நான்கு பார்ட்டாகப் பிரித்து, சால்ஃபா பார்த்துப் பழகிப் பாடுகிற குவயர்கள் இந்தப் பக்கம் இன்றும் இருக்கின்றன. ராகத்தின் பெயர் ஒன்றுகூடத் தெரியாத வீட்டிலும் ஆல்டோ பாடத் தெரிந்த அத்தை ஒருத்தி இருப்பாள்.

அப்படிப்பட்ட ஊரில் சுரத்தை விட்டுவிட்டுத் தப்பிக்க முடியாது. 'ஓல்டு ஹண்ட்ரட்த்' என்ற பாமாலை மெட்டைக் கிட்டாருக்கு எழுதி வைத்திருந்தேன். 1551இல் ஜெனீவாவில் அச்சான மெட்டு அது. வழக்கமாக ஜி மேஜரில் இருப்பதால் கைக்குச் சௌகரியம். ஆனாலும் நான்கு பார்ட்டையும் ஒரே கையில் பிடிப்பது எல்லா இடத்திலும் நடக்காது. சொப்ரானோவைத் தொட முடியாது, அதுதான் மெட்டு. பேஸை எடுத்தால் வீடே சாய்ந்துவிடும். ஆல்டோவில்தான் பெரும்பாலும் மேஜரா மைனரா என்று சொல்லும் சுரம் இருந்தது. மிச்சம் டெனர். விரல் எட்டாத இடங்களில் அதைத்தான் கழித்தேன். குவயரில் நெடுங்காலம் டெனர் பாடிய பெரியவர் ஒருவர் முன்னால் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் கேட்டார்: "எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. டெனர் எங்க போச்சு?"

எனக்கு அந்த டெனர் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. சின்ன வயதிலிருந்து நான்கு பார்ட்டாகக் கேட்ட மெட்டு என்பதால், விரல் வாசிக்காததைத் தலை வாசித்துவிடுகிறது. அல்பேனிஸிலும் இதே கதைதான்: யாரோ ஒரு பியானோ மேதையின் இசைத்தட்டு காதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும், அதன்மேல் என் கிட்டார் ஒட்டிக்கொண்டு போகும். தனியாகச் சாதகம் பண்ணுகிறவன் கேட்பது பாதி தந்தியை, பாதி தன் ஆசையை. எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தந்தியிலிருந்து வந்தது மட்டும்தான் கேட்கும். சக வாசிப்பாளர்களிடம் போவதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வலுவான காரணம் இதுதான். ஊக்கம், உற்சாகம் எல்லாம் அதற்குப் பிறகு.

பெரியவருக்குத் தெரியாத ஒன்றும் அவர் பக்கம் இருந்தது. தாமஸ் ரேவன்ஸ்கிராஃப்ட் 1621இல் லண்டனில் வெளியிட்ட சங்கீதப் புத்தகத்தில், இதே மெட்டுக்கு ஜான் டௌலண்ட் நான்கு பார்ட் எழுதியிருக்கிறார். அந்தக் கால வழக்கப்படி மெட்டே டெனரில்தான் இருக்கும். டௌலண்ட் லூட் வாசித்தவர், கிட்டார்க்காரர்களுக்கு மூதாதை மாதிரி. இதைப் பெரியவரிடம் சொன்னபோது, "பாத்தியா?" என்று மட்டும் சொன்னார், அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. பேஸ் நீண்டு நிற்கும் ஓரிடத்தில் அதைப் பாதியில் விட்டு, அந்த விரலை டெனருக்குக் கொடுத்துவிட்டேன். பேஸ் பாடுகிறவர்கள் யாரும் இன்னும் கேட்கவில்லை.

ஒரு வாத்தியத்துக்குப் பிறந்ததை இன்னொன்றுக்கு மாற்றுகிற இந்த வேலைக்கு எங்கள் மாவட்டத்திலேயே பெரிய முன்னோடிகள் உண்டு. முத்துசுவாமி தீட்சிதர் கடைசிக் காலத்தில் வந்து தங்கி, 1835இல் மறைந்தது எட்டயபுரத்தில். இளவயதில் சென்னையை அடுத்த மணலியில் இருந்தபோது, கோட்டையில் வெள்ளைக்காரர் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று பெயர், ஏறக்குறைய நாற்பது இருக்கின்றன. பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டும் அதில் ஒன்று. பேண்டின் அடுக்கு ஒலி அத்தனையும் போய், ஒற்றை மெட்டு மட்டும் சங்கராபரணத்தின் சுரங்களில் நிற்கிறது. அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர் வயலின் கற்றுக்கொண்டு அதை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர். அவரும் எட்டயபுரம் சமஸ்தான வித்துவானாக இருந்தார்.

எதிர்த் திசையில் போனவர் ஏ.எம். சின்னசாமி முதலியார். சென்னையில் அரசு உத்தியோகத்தில் இருந்தவர், கிறிஸ்தவர். தியாகராஜர், தீட்சிதர் கீர்த்தனைகளை ஸ்டாஃப் நோட்டேஷனில் எழுதி 1890களில் அச்சிட்டார். தியாகராஜர் பாட்டுக்கு வாலாஜாபேட்டை கிருஷ்ணசாமி பாகவதர், தீட்சிதர் பாட்டுக்கு எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர் என்று, தெரிந்தவர் வாயிலிருந்தே வாங்கி எழுதினார். ஐந்து கோட்டுக்குள் கமகத்தை அடைப்பது எவ்வளவு பெரிய பாடு என்பது யோசித்தாலே தெரியும். கண் பார்வை போகும்வரை அந்த மனிதர் விடவில்லை. அவர் தூண்டியதன் பலனாகவும்தான், சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904இல் எட்டயபுரத்தில் அச்சேறியது. அதில் கமகங்களுக்கென்றே தனிக் குறிகள் உண்டு. இன்றைக்கும் சங்கீத வித்துவான்கள் ஒரு சந்தேகம் வந்தால் புரட்டுகிற புத்தகம். பாடத் தெரிந்த ஒருவரும் எழுதத் தெரிந்த ஒருவரும் எதிரெதிரே உட்காராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பேன்.

எங்கள் உட்காரல் அவ்வளவு பெரிய காரியம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தூத்துக்குடியில் ஒரு நண்பர் வீட்டு மாடி. துறைமுகத்தில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி, கல்யாண வரவேற்புகளில் லைட் மியூசிக் வாசிக்கிற பையன், டிரினிட்டி கிரேடு பரீட்சைக்குத் தயாராகும் கல்லூரி மாணவி, நான். சில நாள் வேறு யாராவது. புதுத் தந்தி மாட்டிக்கொண்டு வரக்கூடாது என்பது எழுதாத சட்டம். நைலான் தந்தி படிவதற்குச் சில நாள் பிடிக்கும். அதுவரை இழுபட்டு இழுபட்டுச் சுருதி இறங்கும், பாதி நேரம் முறுக்காணியோடே போய்விடும். பழசாகவும் இருக்கக்கூடாது. பேஸ் தந்தி மூன்றும் உலோகக் கம்பி சுற்றியவை, கடல் காற்றும் கை வியர்வையும் பட்டு இந்த ஊரில் சீக்கிரம் கறுத்து மழுங்கிவிடும்.

வாசிக்கிறவர் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: "இந்த எட்டு பாரை மட்டும் கேளுங்க, மிச்சம் இன்னும் கைக்கு வரல." 'சூப்பர்' என்ற சொல்லுக்கு மாடியில் இடமில்லை. அதைப் போலக் கேட்பவரைக் காப்பாற்றி வாசிப்பவரைக் கைவிடுகிற சொல் வேறு கிடையாது. எங்களில் நன்றாகக் கேட்பது அந்த லைட் மியூசிக் பையன்தான். அவனுக்கு ஸ்டாஃப் நோட்டேஷன் வாசிக்க வராது. மாணவி கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு கேட்பாள். அதனால் பேப்பரில் இருப்பதும் சேர்ந்து அவளுக்குக் கேட்டுவிடும். அவன் சொல்வான், "அண்ணே, நடுவுல ஒரு எடம் திடீர்னு காலியா இருக்கு." எந்த இடம் என்று அவனுக்குச் சொல்லத் தெரியாது. எனக்குத் தெரியும்.

போனில் பதிவு செய்து கேட்டால் போதாதா என்று கேட்கலாம். தாளம் ஓடுவதையும் நகம் தந்தியில் உரசுவதையும் போன் காட்டிக் கொடுக்கும். ஆனால் வாசித்த அன்று ராத்திரியே கேட்டால், விட்ட சுரத்தைக் காது மறுபடியும் தானே நிரப்பிக்கொள்ளும்.

எப்போது காட்டுவது என்பதில்தான் எனக்கும் அண்ணாச்சிக்கும் ஒத்துப்போகாது. முழுசாக வந்த பிறகுதான் வாசிப்பேன் என்பார் அவர். அரைகுறையை அடுத்தவர் காதில் போடுவது மரியாதை இல்லையாம். முழுசாக வந்தபிறகு விரல் ஒரு வழிக்குப் பழகி இறுகியிருக்கும், யார் என்ன சொன்னாலும் அது அசையாது என்பேன் நான். விரல் எண்களைப் பென்சிலில் எழுதி, அழித்து, மாற்றிக்கொண்டிருக்கும் பருவத்தில் காட்டுவதுதான் பிரயோஜனம். அதற்கும் முன்னால், உருப்படி என்ன சொல்கிறது என்றே நமக்குப் பிடிபடாத நாளில் காட்டினால், நாலு பேர் நாலு பக்கம் இழுத்து நம் கையில் ஒன்றும் மிஞ்சாது. பொறாமையும் வரும். ஒரே உருப்படியை இன்னொருவர் லேசாக வாசித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கும்போது வயிற்றில் ஒன்று புரளும். வராது என்று சொல்கிறவர் வாசிக்கிறவராக இருக்கமாட்டார்.

இப்போது மாடியில் ஓடுகிற சண்டை ஜெர்மன் இசைமேதை பாக் பற்றி. செல்லோவுக்கு அவர் எழுதிய முதல் சூட்டின் பிரெலூட் ஜி மேஜரில் இருக்கிறது. கிட்டாரில் அதை டி மேஜருக்கு மாற்றி, ஆறாவது தந்தியை ஈயிலிருந்து டிக்கு இறக்கி வாசிப்பது வழக்கம். செல்லோவில் தனித்தனியாக ஓடும் சுரங்களுக்குக் கீழே பல டிரான்ஸ்கிரிப்ஷன்கள் புதிதாகப் பேஸ் சேர்க்கின்றன. சேர்க்கலாமா, கூடாதா? செல்லோ சொல்லாமல் விட்டதைக் கேட்பவர் தானே நிரப்பிக்கொள்வதில்தான் அந்த உருப்படியின் உயிர் என்கிறாள் மாணவி. கிட்டாரில் செல்லோவின் நீளமான வில் கிடையாது, பேஸ் இல்லாவிட்டால் எலும்பாக நிற்கும் என்கிறார் அண்ணாச்சி. பாக் தாமே தம் ஈ மேஜர் வயலின் பார்டிட்டாவின் பிரெலூடை 1731இல் ஆர்கனுக்கும் வாத்தியக் குழுவுக்கும் மாற்றி, ஒற்றை வயலினில் இல்லாத எத்தனையோ சுரங்களைச் சேர்த்தார். அது அண்ணாச்சிக்குச் சாதகமான சாட்சி. அதே பிரெலூடை இளையராஜா 1986இல் 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்தில் எடுத்து என்ன செய்தார் என்பதைப் பையன் எங்களுக்கு வாசித்தே காட்டினான். அது யாருக்குச் சாதகம் என்று முடிவாகவில்லை.

மாணவி எடுத்திருக்கிற புத்தகத்தில் பேஸ் சேர்த்துத்தான் அச்சாகியிருக்கிறது, பரீட்சைக்கு அப்படியேதான் வாசிக்க வேண்டும். பரீட்சை முடிந்த மறுநாளே பேஸை எல்லாம் பென்சிலால் அடித்துவிட்டு வாசிக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். அண்ணாச்சி அன்றைக்கு வரமாட்டேன் என்கிறார். வருவார்.